முதல் முடி

பிப்ரவரி 9, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்கக் காலி. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் டாக்டர் மைதீன். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து முழுசாக ஒரு மாசம் ஆகவில்லை, அதற்குள் பச்சைக் குழந்தை வார்டில் சீனியர் டாக்டர் எனக்கே பாடம் எடுக்கிறார். வீட்டுக்காரரிடம் சொன்னால் இவங்க "விடு காந்தி" என்று சொல்லிவிட்டு பேப்பரைத் திருப்புவாங்க. எங்கேயாவது கொட்ட வேண்டும். இங்கே கொட்டுகிறேன்.

காலையில் ஒரு பெண் பிள்ளை வந்தது. ஏழு மாசம்கூட நிறையவில்லை. ஒரு கிலோவுக்கும் குறைச்சல். அம்மா பேர் இசக்கியம்மாள், சங்கரன்கோவில் பக்கம் ஏதோ ஊர். எங்கள் வார்டில் பிள்ளைகளுக்குப் பேர் கிடையாது, அம்மா பேரோடு பேபியைச் சேர்த்துவிடுவோம். ஆக இது இசக்கி பேபி. தொப்புள் வழியாகக் குழாய் போட்டாச்சு. ஒரு வாரம் தாங்கும். அதற்குப் பிறகு என்ன செய்ய? பால் செரிக்கிற குடல் இன்னும் இல்லை, சத்தெல்லாம் ரத்தத்தில்தான் போக வேண்டும். நூல் கனத்தில் ஒரு குழாயை நரம்பில் ஏற்றி நெஞ்சுவரைக்கும் கொண்டு போக வேண்டும். லைன் என்போம். அது கிடைக்கவில்லையென்றால் பிள்ளை பட்டினி.

லைனுக்கு எந்த இடம் என்பதில் எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வலது முழங்கை மடிப்பு. அப்புறம் இடது. அப்புறம் கணுக்காலுக்கு உள்பக்கம். எல்லாம் கைவிட்டால் அக்குள். ரவுண்ட்ஸில் இதைச் சொல்லி முடிக்கவில்லை, மைதீன், "தலையை விட்டுட்டீங்க மேடம்" என்றார். "காதுக்கு முன்னால பாருங்க, அருமையா ஓடுது."

"தலை நம்ம வரிசையில கிடையாது."

"ஏன் மேடம்?"

ஏனாம். முடியில் பிளாஸ்டர் ஒட்டாது, வழிக்க வேண்டும். கழுத்துப் பக்கம் குழாய் சுருண்டுகொள்ளும். பெற்றவள் பார்த்தால் பயந்து அழுவாள். மூன்று காரணம் சொன்னேன். "மூணுக்கும் வழி இருக்கு மேடம்" என்று ஒரு சிரிப்பு. பக்கத்தில் எப்சி சிஸ்டர் குனிந்து பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தாள். இந்த வார்டில் என்னைவிடப் பழைய ஆள். எனக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

பிப்ரவரி 11, புதன்

பிள்ளையின் வலது கையில் காஸ் துணி கட்டினேன். காயம் எதுவும் இல்லை. துணி கட்டிய கையில் யாரும் ஊசி குத்தக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, அது லைனுக்கு. நான் வந்த நாளிலிருந்து இந்த வார்டில் இதுதான் பழக்கம். நல்ல நரம்பையெல்லாம் சர்க்கரை பார்க்கிறேன், மஞ்சள் காமாலை பார்க்கிறேன் என்று குத்திக் குத்திக் கறுக்க வைத்துவிட்டு, பிறகு லைனுக்கு இடம் தேடி அலைவது மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளின் வேலை.

இசக்கி வந்தாள். ஆபரேஷன் தையலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், கையில் ஒரு மூடி அளவு பால். இருபத்தி மூணு வயசு. இதற்கு முன் ரெண்டு தங்கவில்லையாம். கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "தலை நெறய முடி இருக்குல்லாம்மா?"

இருந்தது. உடம்பில் சதை இல்லை, தலையில் மட்டும் கருகருவென்று.

"பங்குனி உத்திரத்துக்கு எங்க சாஸ்தா கோயிலுக்குப் போவோம்மா. பிள்ளை பொழச்சு வந்தா மொத முடி சாஸ்தாவுக்குன்னு நேந்திருக்கேன். இந்த வருசம் இல்லாட்டாலும் அடுத்த வருசம்."

"எங்களுக்கும் சாஸ்தாதான். வேற சாஸ்தா. ஆத்தங்கரையில."

"உத்திரத்துக்குப் போவீங்களாம்மா?"

"எனக்கு அன்னைக்கு டூட்டி இருக்கும்" என்றேன்.

பிப்ரவரி 14, சனி

பெரியவர்கள் வார்டிலிருந்து ஒரு நர்ஸை ஒரு நாளைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் துணி கட்டிய கையைப் பார்த்து, ஏற்கெனவே ஊசி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் போல, நல்ல நரம்பாகத்தான் இருக்கும் என்று, துணியை அவிழ்த்து அங்கேயே குத்தி ரத்தம் எடுத்துவிட்டாள். நான் போய்ப் பார்க்கும்போது முழங்கை மடிப்பு நாவல்பழம் மாதிரி கிடக்கிறது.

திட்டிவிட்டேன். கூறுகெட்டவளே என்று சொன்னேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்தப் பெண் அழுதாள். எப்சி என்னைத் தனியாகக் கூட்டிப் போய், "மேடம், நம்ம வார்டுப் பழக்கம் நமக்குத் தெரியும், அவளுக்கு யார் சொன்னா?" என்றாள். நியாயம்தான். ஆனால் வலது கை போனது போனதுதான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இடது கையில் போட்டேன். ஒரே குத்தில் ஏறியது. எக்ஸ்ரே எடுக்கும்போது பிள்ளையின் கையை நானே பிடித்துக்கொண்டேன். கையை விரித்துப் பிடித்தால் படத்தில் ஒரு இடத்தில் தெரியும், மடக்கினால் உள்ளே இன்னும் நகரும். அதனால் பிள்ளை எப்படிக் கிடக்குமோ அப்படியே வைத்துத்தான் எடுப்பேன். நுனி சரியான இடத்தில் இருந்தது. தொப்புள் குழாயை எடுத்துவிட்டோம்.

மைதீன் வந்து படத்தைப் பார்த்தார். "அழகா இருக்கு மேடம்." மனுஷன் மனசாரச் சொன்ன மாதிரிதான் இருந்தது. வருகிற வழியில் மல்லிகைப்பூ வாங்கினேன். இவங்க, "என்ன விசேஷம்?" என்று கேட்டாங்க. "ஒரு லைன் ஏறுச்சு" என்றேன். "சரி" என்றாங்க. எங்கள் வீட்டுப் பேச்சு இவ்வளவுதான்.

பிப்ரவரி 18, புதன்

லைன் நன்றாக ஓடுகிறது. வீட்டில் மோட்டார்தான் ஓடவில்லை. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று நாலு நாளாகச் சொல்கிறான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பிள்ளை எடை ஏறுகிறது. இசக்கியைக் கை கழுவச் சொல்லி உள்ளே விட்டேன். எங்கே தொட என்று தெரியாமல் நின்றாள். கையில் குழாய், மூக்கில் குழாய், காலில் வயர். கடைசியில் தலையில் ஒரு விரலை வைத்தாள். "இங்க ஒண்ணும் மாட்டல, இல்லம்மா? இதாவது நம்ம பிள்ளையா இருக்கு."

அந்த வார்த்தை கேட்டு எனக்கு என்னவோ போலிருந்தது. அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவள் புருஷன் மாடசாமி வெளியே மரத்தடியில்தான் கிடக்கிறான். செங்கல் சூளையில் வேலை. உள்ளே வரச் சொன்னால், "எங் கை காப்புக்காய்ச்ச கை டாக்டர், பிள்ளைய பாத்தா தொடணும்னு தோணும், வேண்டாம்" என்றான்.

பிப்ரவரி 26, வியாழன்

இடது தோள் வீங்கியிருக்கிறது. லைன் உள்ளே கசிகிறது. எடுத்துவிட்டோம்.

வலது கை இன்னும் ஆறவில்லை. மைதீன் டார்ச் அடித்துக் காட்டினார். காதுக்கு மேலே, முடிக்கடியில், நரம்பு பச்சையாக நேராகப் போகிறது. குருடன்கூடக் கண்டுபிடிப்பான். "மேடம், இதைவிட நல்ல இடம் இந்தப் பிள்ளைக்கு இல்ல. காலில போட்டா டயாப்பர் பக்கத்திலேயே கிடக்கும். கிருமி ஏறிரும்."

"கணுக்கால்ல போட்டா தூரம்தான்."

"இந்தப் பிள்ளை நீளத்துக்கு எது மேடம் தூரம்?"

பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். "அந்தப் பொண்ணு முதல் முடியை சாஸ்தாவுக்கு நேந்திருக்கா. நாம இங்க வழிச்சுப் போட்டா அவ மனசு என்னாகும்? எங்க ஆளுங்க பழக்கம் உங்களுக்குத் தெரியாது."

"எங்க வீட்லயும் பிள்ளை பொறந்து ஏழாம் நாள் முடி எடுப்போம் மேடம்" என்றார். கோபமே இல்லாமல். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"கேக்க என்ன இருக்கு, அவளே சொன்னா."

எப்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு கால் பக்கம் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

நேற்று ஏறவில்லை. இடது கால் முழுக்கக் குத்திப் பார்த்துவிட்டு விட்டேன். இன்று வலது கணுக்காலில் ஏறியது. நுனியும் நல்ல இடத்தில் இருக்கிறது, சைடில் இன்னொரு படம் எடுத்தும் பார்த்துவிட்டேன். மைதீன் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் 3, செவ்வாய்

பிளம்பர் வந்தான். மோட்டாரில் ஒன்றுமில்லையாம், குழாயில் அடைப்பாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்குப் புரியவில்லை.

எப்சி சொல்கிறாள், பிள்ளை வயிறு போகும்போதெல்லாம் கால் பிளாஸ்டர் நனைகிறதாம். மாற்றச் சொன்னேன். மாற்றினாள். பிறகும் நனைந்தது. பஞ்சை வைத்து மறைத்துக் கட்டச் சொன்னேன். "கட்டுறேன் மேடம்" என்றாள், "ஆனா..." என்று இழுத்தாள். ஆனாவைக் கேட்க எனக்கு நேரமில்லை.

மார்ச் 5, வியாழன்

லீவு. தலைவலி.

இவங்களும் லீவு போட்டிருந்தாங்க. வருஷா வருஷம் இந்தத் தேதிக்கு இரண்டு பேருக்கும் உடம்பு சரியில்லாமல் போய்விடும். மத்தியானம் ரசம் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு இவங்க பீரோ சாவியைத் தேடினாங்க. எங்கே என்று கேட்டாங்க, தெரியாது என்றேன். என் முந்தானையில்தான் முடிந்திருந்தது.

"இந்த உத்திரத்துக்காவது போவமா காந்தி?"

"எனக்கு டூட்டி."

"டூட்டி லிஸ்ட் இன்னும் போடலையே."

"போட்டாலும் அன்னைக்கு டூட்டிதான்" என்று எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் வார்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. பிள்ளை நிறம் மாறிவிட்டது. பெரியவர்களுக்கு என்றால் காய்ச்சல் வரும், நடுங்கும். இவ்வளவு சின்னதுக்கு ஒன்றும் வராது. சாம்பல் நிறமாகும், மூச்சை மறக்கும், அவ்வளவுதான். தட்டினால் மூச்சு விடுகிறது, விட்டால் மறந்துவிடுகிறது. வயிறு உப்பியிருக்கிறது.

லைனை உடனே எடுத்தோம். என்ன கிருமி என்று பார்க்க ரத்தம் கல்ச்சருக்குப் போயிருக்கிறது. வென்டிலேட்டரில் போட்டாச்சு. மருந்து கொடுக்க ஒரு சின்ன ஊசி எப்படியோ கையில் நிற்கிறது, நாளைக்கு நிற்காது.

மைதீன் என்னைக் குத்திக்காட்டவில்லை. எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒன்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

மார்ச் 7, சனி

கை ஊசி காலையிலேயே போய்விட்டது. வலது கை இன்னும் ஆறவில்லை, இடது தோள் வீக்கம் வடியவில்லை, கால் இரண்டும் போச்சு. அக்குளைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வரிசை முடிந்துவிட்டது.

இசக்கியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "தலையில போடணும்மா. முடியை வழிக்கணும். நீ நேந்திருக்கே, எனக்குத் தெரியும். வேற வழியில்ல."

"இதுக்கா கூப்பிட்டீங்க? வழிங்கம்மா. முன்னாலயே போட்டிருக்கலாம்லா?"

"நீ வேண்டாம்னு நினைச்சேன்."

"நான் எப்பம்மா வேண்டாம்னேன்? நேந்திருக்கேன்னுதான சொன்னேன். பிள்ளைக்காகத்தான நேந்தது? முடிய எடுத்து ஒரு துணியில வெச்சிருந்தா கொண்டு போய்ப் போட்டிரப் போறோம். சாஸ்தா என்ன, கத்தி யாருதுன்னா கேக்கப் போறாரு?"

அவள் சாதாரணமாகச் சொன்னாள். மைதீன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெட்கம்தான், வேறென்ன.

"நான் போடட்டுமா மேடம்?" என்றார் மைதீன்.

"வேண்டாம்" என்றேன். இப்போது யோசித்தால் அவரையே விட்டிருக்கலாம். அப்போது விட மனசு வரவில்லை.

எப்சி ரேசரை எடுத்து வந்தாள். "நான் வழிக்கட்டுமா மேடம்?" என்று தணிந்த குரலில் கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றேன். வலது காதுக்கு மேலே தண்ணீர் தொட்டு வைத்தேன். பூனைக்குட்டி முடி மாதிரி இருந்தது, பிளேடு பட்டதும் சத்தமே இல்லாமல் வந்தது. ஊரே சொல்லும், காந்திமதி கை வைத்தால் நிற்காமல் முடிப்பாள் என்று. பாதியில் நின்றுவிட்டேன். பிளேடைத் தட்டில் வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்து வழித்தேன். பயமாக இருந்தது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படிப் பயந்ததில்லை.

நரம்பு அங்கேயே இருந்தது. மைதீன் காட்டிய அதே நரம்பு. ஒரே குத்து. தலையை லேசாகத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன், கழுத்தில் சுருளாமல் வழுக்கிக்கொண்டு போனது. எக்ஸ்ரேயில் நுனி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. முடியில் பிளாஸ்டர் ஒட்டாது என்றேனே, நன்றாகவே ஒட்டியது.

எப்சி கீழே விழுந்திருந்த முடியை ஒன்று விடாமல் பொறுக்கி, காஸ் துணியில் வைத்து நாலாக மடித்து, ஓரத்தில் பிளாஸ்டர் ஒட்டி, மேலே தேதி எழுதி இசக்கியிடம் கொடுத்தாள். எப்சி மடிக்கிற விதம் எனக்குத் தெரியும்.

மார்ச் 9, திங்கள்

கல்ச்சர் வந்துவிட்டது. பூஞ்சைக் கிருமி. கால் லைனின் நுனியிலும் அதுவே. எங்கிருந்து ஏறியது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். மருந்து தலை லைன் வழியாகப் போகிறது.

இவங்க சாம்பாரில் உப்பில்லை என்றாங்க. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

கொஞ்சம் நிறம் திரும்பியிருக்கிறது. மூச்சு மறப்பது குறைந்திருக்கிறது. தலை லைன் துளி கசியாமல் ஓடுகிறது.

இசக்கி வந்து பார்த்தாள். பயந்து அழுவாள் என்று நான் சொன்ன இசக்கி. ஒரு பக்கம் கருகருவென்றும் ஒரு பக்கம் வழித்தும் கிடக்கிற தலையைப் பார்த்து, "ஏளா, பாதி மொட்டை" என்று கூப்பிட்டுச் சிரித்தாள். முடி இருக்கிற பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். மாடசாமியும் இன்றைக்கு உள்ளே வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். "எங்க ஐயா தலை மாதிரியே இருக்கு டாக்டர், அவருக்கும் ஒரு பக்கம் வழுக்கை" என்றான்.

பிழைத்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

மார்ச் 14, சனி

காலை ஒன்பதரைக்கு இசக்கி பேபி போய்விட்டது.

நேற்று மறுபடியும் வயிறு உப்பியது. குடல் கறுத்துவிட்டது, சர்ஜன் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி இசக்கி மடியில் வைத்தோம். தலை லைனை நான்தான் எடுத்தேன். அதில் ஒரு அடைப்பு இல்லை, ஒரு கசிவு இல்லை, கடைசிவரைக்கும் ஒழுங்காக ஓடியது.

இசக்கி அழவில்லை. பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்பத்தான் முழுசா பாக்கேன்" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "தலையில மொதல்லயே போட்டிருந்தா பொழச்சிருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

தெரியாதுதான். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதலில் போட்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாடசாமி வந்து துணியில் வாங்கிக்கொண்டான். காப்புக்காய்ச்ச கையில் அது ஒரு செங்கல் அளவுகூட இல்லை.

மார்ச் 16, திங்கள்

டூட்டிக்குப் போனேன். ஐந்து பிள்ளை. எல்லாவற்றையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். மறுபடியும் குளித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

இரட்டைப் பிள்ளை வந்திருக்கிறது. சின்னதுக்குக் கை இரண்டிலும் இடமில்லை. மைதீன் என் முகத்தைப் பார்த்தார், கேட்கவில்லை. "தலையில போடுங்க" என்றேன். "நீங்களே போடுங்க மைதீன். நான் பிடிச்சுக்கிறேன்."

அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய், முடி வழிக்கணும், உங்க வீட்டில் ஏதாவது நேர்ச்சை இருக்கிறதா, முடியை எடுத்து வைக்கவா என்று நானே கேட்டேன். அந்தப் பெண் ஆமாம் என்றாள். எப்சி காஸ் துணியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மார்ச் 30, திங்கள்

இசக்கி வந்தாள். ஆபீசில் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவள் மேலே ஏறி வந்திருக்கிறாள். கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. பால் கட்டிக்கொண்டு ரொம்பச் சிரமப்பட்டாளாம். எப்சி உட்காரச் சொல்லிக் காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

"நாளக் கழிச்சு உத்திரம்மா. பதினாறும் கழிஞ்சிட்டு. அந்த முடியக் கொண்டு சாஸ்தாகிட்ட குடுத்திரலாம்னு இருக்கோம். அவுக அம்மா வேண்டாங்காவ, பிள்ளையே இல்ல, பொறவு என்ன நேர்ச்சைன்னு. நான் சொல்லிட்டேன், கொடுக்கேன்னு சொன்னது கொடுக்கணும். ஆனா பாதிதான இருக்கு, மிச்சம் பிள்ளையோட போயிட்டு. பாதிய குடுத்தா ஏத்துக்குவாராம்மா? நீங்க சாஸ்தா கும்புடுற ஆளுன்னு சொன்னீங்கள்லா, அதான் கேக்கலாம்னு வந்தேன்."

ஏத்துக்குவார் போ என்று அனுப்பியிருக்கலாம். அவள் காப்பியைக்கூடக் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இசக்கி, தலையில முதல்லயே போட்டிருக்கணும். மைதீன் டாக்டர் சொன்னார், நான்தான் போடல. நீ நேந்திருக்கேன்னு சொன்னதை நான் சாக்கா வெச்சுக்கிட்டேன். கால்ல போட்ட லைன்லதான் கிருமி ஏறுச்சு." சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவள் காப்பியைத் தள்ளி வைத்தாள். பிறகு, "முடிதானம்மா" என்றாள். "முடிதான அது. அதுக்கா?"

எப்சிதான், "ஏம்மா, அவங்களுக்கும் ஒரு பையன் இருந்தான். அவனும் இப்படித்தான் சீக்கிரமே பொறந்தான். அவனுக்கும் தலையிலதான் போட்டோம். முடிய நான்தான் மடிச்சுக் குடுத்தேன், பிள்ளை தங்கல" என்றாள்.

"சிஸ்டர், சும்மா இருங்க."

"பன்னெண்டு வருஷமா சும்மாதான் மேடம் இருக்கேன்" என்றாள் எப்சி.

இசக்கி எழுந்தாள். அவள் முகத்தில் இரக்கம் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. இருக்க வேண்டியதில்லை. "அந்த முடி எங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுல இருக்கு."

"கொண்டு குடுத்திருங்கம்மா. வெச்சுக்கிடக் கூடாது." அவ்வளவுதான் சொன்னாள். போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் படி இறங்கிப் போனாள். காப்பி அப்படியே இருந்தது.

ஏப்ரல் 1, புதன்

டூட்டியை மைதீன் வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது, நாளைக்குக் கேட்பேன்.

விடிந்ததும் முந்தானையை அவிழ்த்துப் பீரோ சாவியை இவங்க கையில் கொடுத்தேன். இவங்க சாவியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. பீரோவைத் திறந்தாங்க. எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கை நேராக மேல்தட்டுக்குப் போனது, கூறைப்பட்டுக்கு அடியில். இத்தனை வருஷமாக நான் மட்டும்தான் எடுத்துப் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

காஸ் துணி மஞ்சளாகிவிட்டது. பிளாஸ்டர் காய்ந்து ஒரு ஓரம் விட்டிருக்கிறது. எப்சி எழுதிய தேதி மட்டும் அப்படியே இருக்கிறது, மார்ச் 5.

இவங்க அதைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாங்க. ஏழேகால் பஸ்ஸுக்கு ஆத்தங்கரைக்குக் கிளம்புகிறோம்.